மயிர்க்காலின் காலக்கணக்கு

டெங்கு காய்ச்சலில் படுத்து எழுந்த ஒருவர், இரண்டு மூன்று மாதங்கள் கழித்து ஒரு நாள் காலையில் சீப்பைப் பார்த்துத் திடுக்கிடுகிறார். தலைவாரும்போது கொத்துக்கொத்தாக முடி வருகிறது. காய்ச்சல் வந்து போனதை அவர் அநேகமாக மறந்திருப்பார். எனவே, அண்மையில் மாறிய ஏதேனும் ஒன்றின்மீது பழி விழுகிறது. புதிதாக வாங்கிய ஷாம்பு, குடிபோன வீட்டின் உப்புத் தண்ணீர், தலைக்கவசம் என்று பட்டியல் நீள்கிறது. யாரோ பரிந்துரைத்த ஒரு மூலிகைத் தைலத்தை வாங்கித் தேய்க்கிறார். மேலும் சில மாதங்களில் உதிர்வு நின்று, நெற்றியோரத்தில் குட்டை முடிகள் தலைகாட்டுகின்றன. தைலத்துக்குப் புகழ் சேர்கிறது. பத்துப் பேருக்கு அவரே அதைப் பரிந்துரைக்கிறார்.

இதில் ஷாம்புவும் குற்றவாளியல்ல, தைலமும் மீட்பரல்ல. காய்ச்சலுக்கும் முடியுதிர்வுக்கும் இடையில் உள்ள அந்த இரண்டு மூன்று மாத இடைவெளியை அறியாததால் வரும் குழப்பம் இது. முடி தொடர்பான வணிகத்தின் பெரும்பகுதி இந்த இடைவெளியில்தான் செழிக்கிறது. அதைப் புரிந்துகொள்ள, தலைத்தோலுக்குள் சுமார் 4 மில்லிமீட்டர் ஆழத்தில் நடப்பதைச் சற்றுப் பார்க்க வேண்டும்.

நாம் காணும் முடி உயிரற்றது. கெரட்டின் என்னும் புரதத்தாலான இழை அது. அதனால்தான் வெட்டினால் வலிப்பதில்லை. பிடித்து இழுத்தால் வலிக்கிறதே என்றால், அந்த வலி முடியுடையதன்று, அதன் மயிர்க்காலைச் சுற்றியுள்ள நரம்புகளுடையது. மயிர்க்கால் என்பது தோல் உள்நோக்கி மடிந்து உருவான ஒரு சிறு குழி. அதன் அடியில் குமிழ் போன்ற பகுதி. குமிழின் நடுவே, நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்து சேரும் ஒரு சிறு முளை. அந்த முளை அனுப்பும் வேதிச் செய்திகளைக் கேட்டு, சுற்றியுள்ள செல்கள் விரைவாகப் பெருகுகின்றன. பெருகிய செல்கள் மேலே தள்ளப்பட்டு, இறுகி, இறந்து, முடியாக வெளிவருகின்றன. பக்கவாட்டில் ஓர் எண்ணெய்ச் சுரப்பி. அதன் கீழே ஒரு சிறு தசை. குளிரிலும் அச்சத்திலும் நமக்கு மயிர்க்கூச்செறிவது அந்தத் தசை சுருங்குவதால்தான். தசை வந்து பற்றும் இடத்தை ஒட்டி ஒரு புடைப்பு உண்டு. மயிர்க்காலைப் புதுப்பிக்கும் தண்டுவட செல்கள் என்று தவறாகவும், குருத்தணுக்கள் என்று சரியாகவும் அழைக்கப்படும் மூலச் செல்கள் குடியிருப்பது அங்கேதான். குமிழ் அழிந்தாலும் இந்தப் புடைப்பு பிழைத்திருந்தால் முடி மீண்டும் முளைக்கும். புடைப்பு அழிந்தால் முளைக்காது. முடியுதிர்வில் எது மீளும், எது மீளாது என்ற கேள்விக்குப் பெருமளவு விடை இதில் அடங்கியிருக்கிறது.

தலையில் ஏறத்தாழ ஒரு லட்சம் மயிர்க்கால்கள் உள்ளன. அவை அனைத்தும் கருப்பையிலேயே உருவாகிவிடுகின்றன. பிறந்தபின் புதிதாக ஒன்றுகூட உருவாவதில்லை. 'புதிய மயிர்க்கால்களை உருவாக்கும்' என்று எந்தப் புட்டியின்மீது எழுதியிருந்தாலும், அந்தச் சொற்றொடரை அத்துடன் கடந்துவிடலாம்.

ஒவ்வொரு மயிர்க்காலும் தனக்கென ஒரு சுழற்சியில் இயங்குகிறது. முதலில் 2 முதல் 6 ஆண்டுகள் வரை நீளும் வளர்பருவம்; அப்போது முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளர்கிறது. அடுத்து இரண்டு மூன்று வாரங்கள் குமிழ் சுருங்கும் இடைப்பருவம். பின்னர் சுமார் மூன்று மாதங்கள் ஓய்வு. ஓய்வின் முடிவில் பழைய முடி கழன்று விழ, அதே குழியிலிருந்து புதியது எழுகிறது. ஒருவருக்கு இடுப்பைத் தாண்டிக் கூந்தல் வளர்வதும், மற்றொருவருக்குத் தோளோடு நின்றுவிடுவதும் பெரும்பாலும் வளர்பருவத்தின் நீளத்தைப் பொறுத்தவை. அது மரபுவழி வருவது.

எந்த நாளிலும் தலையில் உள்ள முடிகளில் பத்தில் ஒரு பங்கு ஓய்வில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், அது சுமார் 10,000 முடி. இவை ஏறத்தாழ 100 நாள்களுக்குள் விழ வேண்டும். ஆக, நாளொன்றுக்கு 100 முடி உதிர்வது நோயன்று, கணக்கு. வாரம் ஒருமுறை தலைக்குக் குளிப்பவர் அன்றைய தினம் பல நாள்களின் உதிர்வை மொத்தமாகப் பார்க்கிறார். நீண்ட கூந்தல் உள்ளவருக்கு அதே 100 முடி பெரிய பந்தாகத் தெரியும்.

கடுங்காய்ச்சல், அறுவை சிகிச்சை, மகப்பேறு, பெருந்துயரம், திடீரென உணவைக் குறைத்தல் போன்ற அதிர்ச்சிகளின்போது உடல் தன் வளத்தை உயிர்காக்கும் உறுப்புகளுக்குத் திருப்பிவிடுகிறது. வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் கணிசமானவை ஒரே நேரத்தில் ஓய்வுக்குச் செல்கின்றன. ஓய்வுக்காலம் முடிந்ததும் அவையெல்லாம் ஒன்றாக விழுகின்றன. கரோனா தொற்றுக்குப் பிறகு பலர் கண்டது இதைத்தான். குழந்தை பிறந்து மூன்று மாதமான தாய்க்குக் கொட்டுவதும் இதுவே. குழந்தை முகம் பார்த்துச் சிரிப்பதால் தாய்க்கு முடி கொட்டுகிறது என்று நம் வீடுகளில் சொல்வதுண்டு. குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்குவதும் ஏறத்தாழ அந்த மாதங்களில்தான் என்பதால், அந்தச் சொல்வழக்கு காரணத்தைத் தவறவிட்டாலும் காலத்தைத் துல்லியமாகக் கவனித்திருக்கிறது.

இவ்வகை உதிர்வில் மயிர்க்கால் சேதமடைவதில்லை. அதிர்ச்சி நீங்கியிருந்தால், பொதுவாக ஆறு மாதங்களுக்குள் உதிர்வு தானே அடங்கும். அதற்கு மேலும் நீடித்தால் உடலுக்குள் ஏதோ தொடர்ந்து குறைகிறது என்று பொருள். இரும்புச் சத்துக் குறைவு, தைராய்டு கோளாறு ஆகிய இரண்டும் முதலில் ஐயுற வேண்டியவை. தேசிய குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்றின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை உள்ளது. அப்படிப்பட்ட நாட்டில், உதிரும் கூந்தலுக்கு எண்ணெய் வாங்குமுன் ஓர் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது மலிவானதும்கூட.

பரிசோதனை என்றதும் பயோட்டின் பற்றிச் சொல்ல வேண்டும். மிட்டாய் வடிவில் விற்பனையாகும் இந்த வைட்டமினின் குறைபாடு, இயல்பாக உண்பவர்களிடம் மிக அரிது. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்பதற்கு நம்பத்தக்க சான்றில்லை. பயனில்லை என்பதோடு நின்றால் பணம்தான் நட்டம். ஆனால், அதிக அளவில் எடுத்தால் சில ஆய்வகப் பரிசோதனைகளின் முடிவுகளை அது பிறழச் செய்கிறது. மாரடைப்பைக் கண்டறிய உதவும் ட்ரோபோனின் பரிசோதனையும் அவற்றில் ஒன்று. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-லேயே இதுகுறித்து எச்சரித்திருக்கிறது. பயோட்டின் எடுப்பவர்கள் இரத்தம் கொடுக்குமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனி நம் ஊர் நம்பிக்கைகள். மொட்டை அடித்தால் முடி அடர்த்தியாக வளரும் என்பது அவற்றுள் முதன்மையானது. பழனியிலும் திருப்பதியிலும் முடி காணிக்கை செலுத்துவது வழிபாடு; அதில் மருத்துவத்துக்கு வேலையில்லை. ஆனால், அடர்த்திக்காகவே குழந்தைக்கு மீண்டும் மீண்டும் மொட்டை அடிப்பவர்கள் உண்டு. சவரக்கத்தி தோலின் மேற்பரப்போடு நின்றுவிடுகிறது. ஆழத்தில் இருக்கும் குமிழுக்கு அது தெரிவதே இல்லை. மழித்தபின் முளைக்கும் முடியின் நுனி கூராக இல்லாமல் தட்டையாக இருப்பதால் தடவிப் பார்க்கும்போது தடிப்பாகத் தோன்றுகிறது. மழிப்பதால் முடியின் தடிமனோ வளர்வேகமோ மாறுவதில்லை என்பதை அமெரிக்க உடற்கூற்றியலாளர் மில்ட்ரெட் டிராட்டர் 1928-லேயே அளந்து காட்டிவிட்டார்.

தலைக்கவசம் முடியைக் கொட்டச் செய்யும் என்பது இன்னும் ஆபத்தான நம்பிக்கை. மயிர்க்கால் தனக்கு வேண்டிய ஆக்சிஜனை இரத்தத்திலிருந்து பெறுகிறது. தலையை மூடுவதால் அதற்கு மூச்சு முட்டுவதில்லை. வியர்வையும் அழுக்கும் சேர்ந்து அரிப்பும் பொடுகும் வரலாம். உள்ளே மெல்லிய பருத்தித் துணி கட்டிக்கொள்வது, உட்புறத் துணியை அவ்வப்போது துவைப்பது, பிறருடைய தலைக்கவசத்தை அணியாதிருப்பது ஆகியன போதும். முடிக்கு அஞ்சித் தலையைப் பணயம் வைப்பதை வேறெப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் நம் பாட்டிமார்களைப் பாதியளவு ஆதரிக்கலாம். தேங்காய் எண்ணெய் முடித்தண்டுக்குள் ஊடுருவி, துவைக்கும்போது ஏற்படும் புரத இழப்பைக் குறைக்கிறது என்றும், சூரியகாந்தி எண்ணெய்க்கும் கனிம எண்ணெய்க்கும் அந்தத் திறன் இல்லை என்றும் 2003-இல் வெளியான ஓர் இந்திய ஆய்வு காட்டியது. ஆய்வு நடந்தது தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எப்படியாயினும், அது காத்தது உயிரற்ற முடித்தண்டை. உடைவதைக் குறைப்பது வேறு, முளைக்க வைப்பது வேறு. செம்பருத்தி, கரிசலாங்கண்ணி, வெந்தயம் எதுவாயினும் இந்த வேறுபாட்டை மனத்தில் கொண்டு தேய்த்துக்கொண்டால் ஏமாற்றம் இராது.

பொடுகு இருப்பவர்கள் எண்ணெயை ஊறவிடுவது பெரும்பாலும் நேர்மாறான விளைவையே தரும். எல்லோர் தலையிலும் மலசீசியா என்னும் பூஞ்சை வாழ்கிறது. தலைத்தோலின் எண்ணெய்ப் பசையே அதன் உணவு. அது உண்டு கழிக்கும் கொழுப்பு அமிலங்கள் சிலருடைய தோலை உறுத்தி, செல்கள் அவசரமாகப் பெருகிச் செதில்களாக உதிர்கின்றன. தலை வறண்டுவிட்டது என்று எண்ணி மேலும் எண்ணெய் ஊற்றுவது அந்தப் பூஞ்சைக்கு விருந்து வைப்பது போன்றது. கீட்டோகொனசோல், ஜிங்க் பைரித்தியான், செலினியம் சல்பைடு ஆகியவற்றில் ஒன்று கலந்த ஷாம்புவை வாரம் இருமுறை தலைத்தோலில் படும்படி தேய்த்து, ஐந்து நிமிடங்கள் விட்டு அலச வேண்டும். உடனே கழுவிவிட்டு 'பலனில்லை' என்பவர்களே அதிகம். பொடுகு அடங்கியபின் வழக்கமான ஷாம்புவோ சீயக்காயோ அரப்போ அவரவர் விருப்பம். எத்தனை நாளுக்கு ஒருமுறை தலைக்குக் குளிப்பது என்பதற்குப் பொதுவிதி கிடையாது. பிசுபிசுப்பும் வியர்வையும் மிகுந்தவர் நாள்தோறும் குளிக்கலாம். உலர்ந்த, சுருண்ட கூந்தல் உள்ளவருக்கு வாரம் ஒருமுறை போதும்.

இறுகப் பின்னுவது, கொண்டையை இழுத்துக் கட்டுவது, கனமான சவுரி வைப்பது ஆகியவை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் நெற்றியோர மயிர்க்கால்களை நிரந்தரமாக அழிக்கும். பள்ளிச் சிறுமிகளின் இரட்டைப் பின்னலைச் சற்றுத் தளர்த்திப் போடச் சொல்ல ஆசிரியர்களுக்கும் மனம் வர வேண்டும். சாயத்தைப் பொறுத்தவரை, பாராஃபினிலின்டையமின் கலந்தவை சிலருக்குக் கடும் ஒவ்வாமையைத் தரும். 'கறுப்பு மருதாணி' என்ற பெயரில் விற்கப்படுவனவற்றிலும் பெரும்பாலும் அதுதான் இருக்கிறது. காதின் பின்புறம் சிறிது தடவி 48 மணி நேரம் பொறுத்துப் பார்ப்பது நல்லது.

ஆண்களின் வழுக்கை வேறு கதை. அதில் முடி விழுவதைவிட மயிர்க்கால் சுருங்குவதே முக்கியமான நிகழ்வு. டெஸ்டோஸ்டிரோன் என்னும் ஆண்மை இயக்குநீர், ஒரு நொதியின் செயலால் அதைவிட வீரியமான டைஹைட்ரோ டெஸ்டோஸ்டிரோனாக மாறுகிறது. அதற்கு எளிதில் வசப்படும் மரபுக்கூறு உடையவர்களின் உச்சந்தலையிலும் முன்நெற்றியிலும் உள்ள மயிர்க்கால்கள் ஒவ்வொரு சுழற்சியிலும் சிறுத்து, தடித்த முடிக்குப் பதிலாகப் பூனைமயிரைத் தருகின்றன. பின்தலை மயிர்க்கால்கள் அதற்கு அசைந்து கொடுப்பதில்லை. முடி மாற்று அறுவை சிகிச்சைக்கு அங்கிருந்து எடுப்பது அதனால்தான்.

இது தெரியவந்த வழி சுவையானது. பருவமெய்துமுன் விரைகளை இழந்த ஆண்களுக்கு வழுக்கை விழுவதில்லை என்பதையும், அவர்களுக்கு டெஸ்டோஸ்டிரோன் கொடுத்தால் மரபுப்போக்கு உள்ளவர்களுக்கு வழுக்கை தொடங்குகிறது என்பதையும் ஜேம்ஸ் ஹாமில்டன் 1942-இல் எழுதினார். பிறகு 1974-இல், டொமினிகன் குடியரசில் அந்த நொதி பிறவியிலேயே குறைந்த ஆண்களை ஜூலியான் இம்பெராட்டோ-மெக்கின்லி குழுவினர் விவரித்தனர். அவர்களின் புரோஸ்டேட் சுரப்பி சிறியதாக இருந்தது, வழுக்கையும் விழவில்லை. அந்த நொதியைத் தடுக்கும் ஃபினாஸ்டரைடு மருந்து, 1992-இல் புரோஸ்டேட் வீக்கத்துக்கும் 1997-இல் குறைந்த அளவில் வழுக்கைக்கும் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. மினாக்சிடில் வந்ததோ வேறு பாதையில். இரத்த அழுத்தத்துக்கு மாத்திரையாகக் கொடுத்தபோது நோயாளிகளுக்கு வேண்டாத இடங்களிலெல்லாம் முடி முளைத்தது. அந்தப் பக்கவிளைவையே பயனாக்கி, 1988-இல் தலையில் தடவும் நீர்மமாக அது சந்தைக்கு வந்தது.

இரண்டும் சான்றுள்ள மருந்துகள். ஆனால், மயிர்க்காலின் காலக்கணக்கு இவற்றுக்கும் பொருந்தும். பலன் தெரிய நான்கு முதல் ஆறு மாதங்கள் ஆகும். மினாக்சிடில் தொடங்கிய முதல் வாரங்களில் ஓய்விலிருந்த முடிகள் கழன்று உதிர்வு கூடும்; பலர் அப்போதே நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தினால் பெற்ற பலன் சில மாதங்களில் போய்விடும். ஃபினாஸ்டரைடு ஒரு சிறு விகிதத்தினருக்குப் பாலுணர்வுச் சிக்கல்களைத் தருகிறது; புரோஸ்டேட் புற்றுநோய்க்கான பி.எஸ்.ஏ. அளவை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்துக் காட்டும். கருவுற்ற பெண்கள் எடுக்கவே கூடாது. ஆகவே, மருத்துவர் எழுதித் தராமல் கடையில் கேட்டு வாங்கும் பொருளன்று அது. பூனை வளர்ப்போருக்கு ஒரு குறிப்பு: தலையில் தடவிய மினாக்சிடிலைப் பூனை நக்கினால் அதன் உயிருக்கே ஆபத்து.

வட்ட வட்டமாக முடி உதிர்வதை நாம் 'புழுவெட்டு' என்கிறோம். புழுவோ பூச்சியோ எதையும் வெட்டுவதில்லை. உடலின் எதிர்ப்பாற்றலே தடம் மாறித் தன் மயிர்க்குமிழைத் தாக்குகிறது. புடைப்பிலுள்ள மூலச் செல்கள் தப்பிவிடுவதால், ஓரிரு வட்டங்களோடு நிற்பவர்களில் பலருக்கு ஓராண்டுக்குள் முடி தானே திரும்புகிறது. சின்ன வெங்காயச் சாற்றின் புகழில் இந்தத் தானே திரும்புதலுக்குப் பெரும்பங்கு உண்டு. தலை முழுதும் இழந்தவர்களுக்கு நெடுங்காலம் வழியில்லாமல் இருந்தது. 2022-இல் பாரிசிட்டினிப் என்னும் மாத்திரைக்கு அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தபின் நிலைமை மாறத் தொடங்கியிருக்கிறது.

உண்மையில் அவசரம் காட்ட வேண்டியவை வேறு. உதிர்ந்த இடத்தில் தோல் பளபளப்பாகி, மயிர்த்துளைகளே தெரியாமல் போனால் அது தழும்புண்டாக்கும் வகை. அங்கே மூலச் செல்கள் அழிந்துகொண்டிருக்கின்றன. இழந்ததை மீட்க முடியாது. எஞ்சியதைக் காக்க வாரங்கள்கூட முக்கியம். குழந்தையின் தலையில் செதிலோடு வட்டமாக முடி ஒடிந்திருந்தால் அது படர்தாமரை. களிம்பு மயிர்க்காலின் ஆழத்தை எட்டாது. உள்ளுக்கு மருந்து வேண்டும்.

மூன்று மாதக் கணக்குக்குப் பொருந்தாத வேகத்தில், சில நாள்களிலேயே முடி கொட்டினால் நஞ்சை ஐயுற வேண்டும். 2025 ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் புல்தாணா மாவட்டத்து ஷேகாவ் வட்டாரக் கிராமங்களில் இருநூறுக்கும் மேற்பட்டோருக்குச் சில நாள்களில் தலை வழுக்கையானது. முதலில் தண்ணீரையும் பூஞ்சையையும் ஷாம்புவையும் சந்தேகித்தார்கள். தேள்கடி ஆய்வுக்குப் பெயர்பெற்ற மருத்துவர் ஹிம்மத்ராவ் பாவஸ்கர், நியாயவிலைக் கடைக் கோதுமையில் செலினியம் மிகுந்திருந்ததைச் சுட்டிக்காட்டினார். வளரும் முடியின் செல்கள் உடலில் மிக வேகமாகப் பெருகுபவை. எனவே, புற்றுநோய் மருந்தானாலும் உணவில் கலந்த நஞ்சானாலும் முதல் அடியை அவை வாங்குகின்றன. ஊரே முடியிழப்பது தலைப் பிரச்சினையன்று, பொதுச் சுகாதாரப் பிரச்சினை.

சட்டம் இல்லாமல் இல்லை. வழுக்கையைக் குணப்படுத்துவதாகவோ, புதிய முடியை முளைக்க வைப்பதாகவோ எந்த மருந்தும் உரிமை கோரக்கூடாது என்று மருந்துகள் விதிகளின் 'ஜே' அட்டவணை சொல்கிறது. புற்றுநோய், பார்வையின்மை ஆகியவற்றோடு ஒரே பட்டியலில் வழுக்கையும் இருக்கிறது. ஆனால், தைலங்கள் பல அழகுசாதனப் பொருள் என்ற பெயரில் விற்கப்படுவதாலும், விளம்பரம் இப்போது கைப்பேசிக் காணொலிகளில் ஓடுவதாலும் அந்தப் பட்டியல் ஏட்டோடு நிற்கிறது. முடி மாற்று சிகிச்சையிலும் இதே நிலைதான். 2016-இல் சென்னையில் ஒரு மருத்துவ மாணவரே அந்தச் சிகிச்சைக்குப் பின் உயிரிழந்தார். பயிற்சி பெற்ற, பதிவுபெற்ற மருத்துவர்களே அதைச் செய்ய வேண்டும் என்றும், பட்டறைகளிலோ யூடியூபிலோ பார்த்துக் கற்பது பயிற்சியாகாது என்றும் தேசிய மருத்துவ ஆணையம் 2022-இல் எழுதவேண்டி வந்தது. அழகு நிலையங்களின் மாடிகளில் இன்றும் விளம்பரப் பலகைகள் தொங்குகின்றன. உரிமம் பார்க்க வேண்டிய சுகாதாரத் துறை அதிகாரிகள் அந்தப் படிகளில் ஏறிப் பார்க்க வேண்டும்.

அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. அங்கே செல்பவர்கள் வாங்கிய தைலங்களின் பட்டியலைவிட, கடந்த ஆறு மாதங்களில் வந்த காய்ச்சல், செய்துகொண்ட அறுவை சிகிச்சை, குறைந்த உடல் எடை, தொடங்கிய மாத்திரைகள், மாதவிடாய் மாற்றங்கள், குடும்பத்தில் வழுக்கை உள்ளவர்கள் ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. மருத்துவர் முதலில் கேட்கப்போவது அவற்றைத்தான்.